பெரட்டுக்களத்தில் கேட்ட ஏழாவது கேள்வி

கீழ்ப்பிரிவு, தெமோதரை
08.02.2026

அன்புள்ள முஷ்ரிபா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைச் சேர்க்கவும் மாட்டேன், பாதகமாக இருக்கிறதே என்று ஒரு வரியை விடவும் மாட்டேன். அப்பாவின் போனில் செய்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்பா படித்துவிடுவார். இது அப்பாவைப் பற்றியது. அதனால்தான் நீங்கள் தந்த முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் நீங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்காக எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, கூடவே நின்று கேள்விகளை வாசித்த தயானி. தரம் பதினொன்று. நவம்பர் மழையில் ஆறாம் நம்பர் மலை சரிந்து எங்கள் லய வரிசையின் கடைசி நாலு வீடுகளை மூடியதே, அதற்குப் பிறகு ஆட்கள் மனத்தளவில் எவ்வளவு மீண்டிருக்கிறார்கள் என்று அறிய உங்களிடம் பத்துக் கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை ஓர் எண். நீங்கள் சொன்னதை அன்றே கொப்பியில் எழுதி வைத்தேன்: கூடிய எண் எடுத்தவர் மீண்டெழும் பலம் உள்ளவர், குறைந்த எண் எடுத்தவருக்கு உதவி வேண்டும்.

நேற்று பிள்ளைக் காம்பராவின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தக் கட்டடத்தில், சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஆறு சனிக்கிழமைகள் மனநல ஆலோசகர் ஒருவர் வந்து பேசுவாராம். இருபதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும். பத்தொன்பது பெயர்கள் இருந்தன. எல்லாமே பெண்களின் பெயர்கள். என் அம்மா தனலெட்சுமி பதினொன்று எடுத்து மூன்றாவது இடத்தில் இருக்கிறார். ஓர் ஆணின் பெயர்கூட இல்லை. என் அப்பா புவனேந்திரன் எடுத்தது முப்பத்தெட்டு. தோட்டத்திலேயே அதுதான் ஆகக் கூடியது என்று நலன்புரி அதிகாரி பாராட்டினார்.

அந்த முப்பத்தெட்டு பொய், அக்கா. அதை எழுதியவள் நான்.

ஆண்களை நாம் காலையில் பெரட்டுக்களத்தில் வைத்துக் கேட்டோம். கங்காணி பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. நீங்கள் அந்தப் பக்கம் பத்துப் பேர், நான் இந்தப் பக்கம் பதினொரு பேர். எல்லோரும் வரிசையில் நின்றபடியே பதில் சொன்னார்கள். என் வரிசையில் எல்லா வாயிலிருந்தும் நாலு, நாலு என்றே வந்தது, இடையிடையே ஒரு மூன்றோ இரண்டோ. அப்பா ஆறு கேள்விகளுக்கு அப்படித்தான் சொன்னார். ஏழாவது, ‘கெட்டது நடந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவேன்.’ அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ போல் இருந்தது. அவர் வாய் திறக்கும் முன்பே நாலு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மிச்சத்தையும் நானே எழுதினேன். ஒன்றில் மட்டும் இரண்டு போட்டேன், உண்மை போலத் தெரியட்டும் என்று.

உண்மை இது. தகரத்தில் மழை விழுந்தால் அப்பா குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய் நிற்பார். விடும்வரை உள்ளே வர மாட்டார். ஆறாம் நம்பர் மலைக்குக் கீழே போகும் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு ஃபெக்டரி ரோட்டால் அரை மணி நேரம் சுற்றி வருகிறார். புத்தாண்டுக்குப் பிறகு, ஏப்ரல் இருபதாம் திகதி, அந்த மலையில் கவ்வாத்துத் தொடங்குகிறது. செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டும் அந்த வேலை ஆண்களுடையது. அப்பா அதில் முதல் ஆள். போகாவிட்டால் என்ன சொல்வார், போனால் என்ன ஆவார் என்று தெரியவில்லை. தயவுசெய்து அந்த எண்ணை மாற்றி அவர் பெயரையும் பட்டியலில் சேருங்கள்.

இப்படிக்கு,
தவறு செய்த தயானி

*

பதுளை
16.02.2026

தயானி,

உன் கடிதம் வந்த அன்றுதான் என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தை மேற்பார்வையாளர் சேரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். ஆகவே முதலில் கோபம்தான் வந்தது. மறைக்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் ஆண்களின் சராசரி முப்பத்துநாலு, பெண்களின் சராசரி பதினேழு. ‘இழப்புக்குப் பின் மீண்டெழுவதில் பெண்கள் பின்தங்குகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். நான் படித்த கட்டுரைகளில் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. சேர் நன்றாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொல்வது வருடத்துக்கு ஒரு தடவை.

ஒரு படிவம் பிழை என்றால் அதை மட்டும் எடுத்துவிடலாம். மகள் சொன்னாள் என்பதற்காக ஒருவருடைய எண்ணை நான் மாற்ற முடியாது. அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவிடம் திரும்பக் கேள். வெற்றுப் படிவம் இதோடு இருக்கிறது. அவர் நிரப்பினால் நலன்புரி அதிகாரிக்கு நானே அனுப்புகிறேன்.

இன்னொன்று. எல்லோரும் நாலு, நாலு என்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். என் பக்கத்துப் பத்துப் பேரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தத் தாள்களை எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நோன்பு இந்த வாரம் தொடங்குகிறது. பதில் எழுதத் தாமதமானால் குறை நினைக்காதே.

முஷ்ரிபா

*

கீழ்ப்பிரிவு
27.02.2026

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னபடி செய்தேன். அது பிழையாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா வாசலில் உட்கார்ந்து முட்டைக்கோவா நாற்றுக்கு மண் தட்டிக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். வாங்கினார், வாசித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

“வெளியாளுக்கு எழுதிட்டியாம்மா?”

அன்றிலிருந்து ஐந்து நாளாக என்னோடு பேச்சில்லை. எனக்குக் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்கிறார். உன் மகள் சாப்பிட்டாளா, உன் மகளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா என்று. நான் பக்கத்திலேயே நிற்பேன். அம்மாவுக்கு இது வேடிக்கை. ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தபால்காரி வேலை பார்க்கிறேன் என்கிறார்.

அந்தத் தபால்காரியிடம் அவருடைய பதினொன்றைப் பற்றிக் கேட்டேன். பெண்களை நாம் பின்னேரம் பீலியடியில், தண்ணீர் பிடிக்க வந்தபோது கேட்டோம் அல்லவா. அம்மா எல்லாவற்றுக்கும் ஏலாது, முடியாது, தாங்காது என்று சொல்லிவிட்டு, இரண்டு குடத்தோடு மேட்டில் ஏறிப் போனார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் அந்தப் பதினொன்றும் முழு உண்மையா என்று கேட்டேன்.

“பாதி உம்ம. அத்தன பேரு முன்னுக்கு நல்லா இருக்கேன்னு சொல்லி கண்ணு பட்டுக்கவா? கருப்பம்மா அழுதுகிட்டு நிக்கிறா, நான் மட்டும் நாலு போட்டா அவ மூஞ்சிய எப்புடிப் பாக்குறது?”

அக்கா, நான் இதை மூன்று நாள் யோசித்தேன். பெரட்டுக்களத்தில் ஒருவர் ஏலாது என்று சொன்னால் அன்றைக்கு அவருக்குப் பேர் கிடையாது. பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததற்கான பதிவு. காய்ச்சல் இருந்தாலும் அந்த இடத்தில் நின்று நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். அதே வாய்தான் நம் கேள்விகளுக்கும் பதில் சொன்னது. பீலியடியில் அதற்கு நேர்மாறு. அங்கே ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் மற்றவர் தன்னுடையதைச் சொல்வார். சொல்லாதவர் பெருமைக்காரி. நாம் ஆணையும் பெண்ணையும் அளக்கவில்லையோ, இரண்டு இடங்களைத்தான் அளந்தோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்வது பிழையாக இருக்கலாம்.

இடத்தை மாற்றிக் கேட்டுப் பார்த்தால் என்ன? பெண்களைப் பெரட்டில் கேட்கலாம். ஆண்களை எங்கே கேட்பது என்றுதான் தெரியவில்லை. கடையில் அவர்கள் கேலி பேசுகிறார்கள், கோயில் கூட்டத்தில் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் ஞாயிறு காலையில் ஆற்றோரத்தில் வரிசையாகக் குந்தி கவ்வாத்துக் கத்தி தீட்டுவார்கள். அப்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. அங்கே பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

தயானி

*

பதுளை
08.03.2026

அன்புள்ள தயானி,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை உரத்து வாசித்தேன். உம்மா சமையலறையில் இருந்து கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்கு எத்தனை வயசு என்றார்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். நான் அழுதால் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவார். எனக்கு மூத்தவன் றில்வான் நானா வேலை பறிபோன அன்று ஒரே ஒரு தடவை அழுதான். நாங்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அறையை விட்டு வெளியே போனோம். அவனுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனோம். கதவைச் சாத்தியதும் நான்தான். அவன் அடுத்த நாள் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான், அவனுக்கு நெஞ்சுறுதி அதிகம் என்று வாப்பா சொன்னார். அவனிடம் என் பத்துக் கேள்விகளைக் கொடுத்திருந்தால் நாற்பதும் வாங்கியிருப்பான். இவ்வளவு படித்துவிட்டும் எனக்கு இது தோன்றவில்லை.

திரும்பச் செய்வோம். படிவங்கள் இந்தப் பொதியில் இருக்கின்றன. நோன்பும் பரீட்சையும் சேர்ந்து வந்திருப்பதால் என்னால் வர முடியாது. பெண்களிடம் நீ வாசி. ஆண்களிடம் நீ வாசிக்காதே, அப்பா இருக்கும் இடத்தில் நிச்சயமாக வேண்டாம். அவர்கள் தயங்காமல் பேசக்கூடிய ஓர் ஆண் வாசிக்கட்டும்.

அப்பாவிடம் கேட்கும்படி உன்னை அனுப்பியது என் பிழை. அதனால் உங்களுக்குள் பேச்சு நின்றிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம், இன்னும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாய் என்று கேட்பார்.

அன்புடன்,
முஷ்ரிபா

*

கீழ்ப்பிரிவு
29.03.2026

அன்புள்ள அக்கா,

பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நாற்பத்தைந்து படிவங்களும் உள்ளே இருக்கின்றன.

நேற்றுச் சனிக்கிழமை. காலையில் பெரட்டுக்களத்தில் பெண்களை வரிசையில் நிறுத்திக் கேட்டேன். அற்புதராஜ் கங்காணி பக்கத்தில் பேர் போடும் செக்ரோலோடு நின்றார். கருப்பம்மா அக்கா, பீலியடியில் மூக்கைச் சிந்திக்கொண்டு பதில் சொன்னவர், கங்காணியை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கென்ன கொறச்சல், எல்லாத்துக்கும் நாலு போடு என்றார். அம்மா முப்பத்தாறு. பீலியடியில் பதினொன்று எடுத்த அதே அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேல நேரத்துல என்ன இளிப்பு என்று அம்மா அதட்டினார்.

ஆண்களுக்கு இராசையா மாமாவைப் பிடித்தேன். மண்சரிவில் அரை நாள் உள்ளே கிடந்தவர் அவர்தான். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கையாலேயே தோண்டி அவரை எடுத்தார்கள். இடது கால் சரியாகவில்லை, இப்போது ஃபெக்டரி கேட்டில் காவலுக்கு இருக்கிறார். கத்தி தீட்ட அவருக்கு வேலையே இல்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு வந்துவிடுவார். படிவத்தைக் கொடுத்ததும், இத்தன நாளா யாராவது என்னைய ஒரு வேலைக்குக் கூப்புடுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் என்றார்.

இன்று காலை நான் ஆற்றில் கொஞ்சம் மேலே ஒரு கல்லில் யூனிஃபோர்ம் துவைத்துக்கொண்டிருந்தேன். ஒளிந்து கேட்கவில்லை, நான் அங்கே இருந்தது அவர்களுக்குத் தெரியும். மாமா ஒரு கேள்வி வாசிப்பார், கல்லில் கத்தி உரசும், சற்று நேரம் கழித்து யாராவது ஓர் எண் சொல்வார்கள். யாரும் தலை நிமிரவில்லை. முதல் இரண்டு பேர் பழையபடி நாலு என்றே சொன்னார்கள். பிறகு அப்பாவின் முறை. ஏழாவது கேள்வி வந்ததும் உரசும் சத்தம் நின்றது.

“மண்ணுக்குள்ள கெடந்தது நீ. கனவு வாறது எனக்குண்ணே.”

மாமா பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார்.

“நானே குறட்ட விட்டுத் தூங்குறேன். என் கனவ நீ எதுக்குடா பாக்குற?”

யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பூஜ்யம் போடு என்றார். மீண்டும் கத்தி உரசத் தொடங்கியது. அதற்குப் பிறகு துஷாந்த் அண்ணன், போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், தன் ஏழாவதையும் மாற்ற வேண்டும் என்றார். முதலில் நாலு சொன்ன இருவரும் தங்கள் தாளைத் திருப்பிக் கேட்டார்கள். இராசையா மாமா அழிறப்பர் கேட்டு என்னைக் கூப்பிட்டார். அதனால்தான் சில தாள்கள் ஈரமாக இருக்கின்றன.

அப்பாவின் மொத்தம் பதினாலு.

பின்னேரம் அப்பா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று நேராக என்னிடமே கேட்டார். கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, இது பிழை என்றார். குடை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பார் என்று எழுதியிருந்தேன். பல நாள் குடை எடுக்கவும் மறந்துவிடுமாம். திருத்தி அனுப்பு என்றார். இதோ திருத்திவிட்டேன்.

தயானி

*

பதுளை
09.04.2026

அன்புள்ள தயானி,

எண்கள் இதோ. பெரட்டுக்களத்தில் ஆண்கள் முப்பத்துநாலு, பெண்கள் முப்பத்துமூன்று. பீலியடியில் பெண்கள் பதினேழு, ஆற்றோரத்தில் ஆண்கள் பத்தொன்பது. எங்கே கேட்டாலும் ஆண்கள் கொஞ்சம் கூடச் சொல்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதப்போகிறேன். ஆனால் நான் பெரிதாக எழுதி வைத்திருந்த அந்தப் பதினேழு எண் இடைவெளி இல்லை. அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டேன்.

சேரிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் தாள்களைப் பார்த்தார். அத்தியாயத்தைத் திரும்ப எழுது, ஒரு மாதம் தருகிறேன் என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் என் தாள்களை அவர் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆற்றோரத்தில் இருபதுக்குக் கீழே எடுத்த ஆண்கள் பன்னிரண்டு பேர். அவர்களிடம் அனுமதி வாங்கித் தந்ததற்கு இராசையா மாமாவுக்கு என் நன்றியைச் சொல். அதிகாரிக்குப் பெயர்களை அனுப்பினேன். ஆண்களுக்குத் தனியாக வைப்பதென்றால் ஆவணி மாதம் ஆகுமாம். இப்போதே வேண்டுமென்றால் பெண்களோடு சனிக்கிழமை வந்து உட்காரட்டும் என்றார். வருவார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

முதல் கூட்டம் பதினெட்டாம் திகதி. கவ்வாத்து இருபதாம் திகதி தொடங்குகிறது என்று நீ எழுதியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

முஷ்ரிபா

*

கீழ்ப்பிரிவு
03.05.2026

அன்புள்ள அக்கா,

பதினெட்டாம் திகதி நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா முதலிலேயே போய்விட்டார். அப்பா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைக் காம்பராவுக்கு வெளியே இராசையா மாமாவோடு முக்கால் மணி நேரம் நின்றார். துஷாந்த் அண்ணன் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போல இரண்டு தடவை கடந்து போனார். கடைசியில் கருப்பம்மா அக்கா ஜன்னலைத் திறந்தார்.

“யாருக்குண்ணே காவல் நிக்கிறீங்க? உள்ள வாங்க, தேத்தண்ணி ஆறுது.”

அப்பா உள்ளே போனார். பின்னால் ஐந்து பேர் போனார்கள். அங்கே இருப்பது குழந்தைகள் உட்காரும் குட்டை வாங்குகள்தான். முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்களாம், பெண்கள் முதல் பத்து நிமிடம் சிரித்தே தீர்த்தார்களாம். அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பேசினார். என்ன பேசினார் என்று அம்மாவிடம் கேட்டேன். அது அங்கே பேசியது, அங்கேயே இருக்கட்டும் என்றார். ஆகவே எனக்குத் தெரியாது.

இருபதாம் திகதி திங்கட்கிழமை. பாடசாலை விடுமுறை என்பதால் நானும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். ஆறாம் நம்பர் மலை என்று சொல்லி அற்புதராஜ் கங்காணி பெயர்களைக் கூப்பிட்டார். அப்பாவின் பெயர் வந்ததும் அவர் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னே வந்தார்.

“மேப்பக்கம் வெட்டுறேன். சரிஞ்ச பக்கம் இப்ப எனக்கு ஏலாது.”

அந்த இடத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். கங்காணி செக்ரோலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை என்று நினைத்து நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். கங்காணி பேனையைச் சட்டையில் துடைத்தார், என்னவோ எழுதினார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

“நானுந்தான் அந்தப் பக்கம் போறதில்ல. மேப்பக்கமே மூணு நாள் வேல இருக்கு. போங்க.”

முழுப் பேர்தான் போட்டிருந்தார். அப்பா திரும்பி வந்ததும் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேல்பக்கம் முடிந்து இப்போது பத்து நாளாகிறது. சரிந்த பக்கத்தின் ஓரத்தில் போன வியாழக்கிழமை ஆறு வரிசை வெட்டினார். இராசையா மாமா லீவு போட்டுவிட்டு அடிவாரத்தில் உட்கார்ந்து, நேராக வெட்டவில்லை என்று கத்திக்கொண்டே இருந்தாராம். ஏழாவது வரிசைக்கு அப்பா போகவில்லை. நாளைக்குப் போவாரா என்று தெரியாது. குறுக்குப் பாதையில் இன்னும் வருவதில்லை.

ஒன்றை உங்களுக்கு இதுவரை எழுதவில்லை. மறைக்கவில்லை, எங்களுக்குப் பழகிப்போனதால் எழுதத் தோன்றவில்லை. நவம்பர் மழைக்குப் பிறகு எங்கள் காம்பராவில் லைட்டை அணைக்க அப்பா விட்டதில்லை, விடியும்வரை எரியும். நாங்கள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவோம். இப்போது மணி எட்டரை. வெளியே தூறுகிறது. அப்பா எழுந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று, எழுதி முடிந்ததா என்று கேட்டார். இரண்டு வரி இருக்கிறது என்றேன். எண்ணிக்கொண்டு நிற்கிறார். லைட்டை அணைத்துவி—